3 கிலோ தாண்டாது என்று விற்ற குட்டி 7 கிலோ ஆனது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். பையன் ஆசைப்பட்டான் என்று 22,000 ரூபாய் கொடுத்து ‘டாய் பாம்’, அதாவது மிகச் சின்ன பாமரேனியன் நாய் என்று சொல்லி விற்ற பெண் குட்டி ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். 60 நாள் குட்டி என்றார்கள். அன்று எடை 900 கிராம். எப்படி வளர்த்தாலும் 3 கிலோவைத் தாண்டாது என்று விற்றவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அதை நம்பி மினி என்று பெயரும் வைத்தாகிவிட்டது. இப்போது அவர் சொன்ன கணக்குப்படி 7 மாதம் முடிந்திருக்கிறது, மினி 7.2 கிலோ. இது உண்மையிலேயே பாமரேனியன்தானா, விற்றவர் ஏமாற்றிவிட்டாரா, சாப்பாட்டைக் குறைத்தால் வளர்ச்சி நிற்குமா என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் ‘சின்ன நாய்ன்னா வெச்சுக்கோங்க’ என்றுதான் சம்மதித்தாராம். உங்களைத் தூங்கவிடாத கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். இவள் இன்னும் எவ்வளவு வளருவாள்?

அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எட்டரை, ஒன்பது கிலோ வாக்கில் நிற்பாள். பதினைந்து, இருபது என்று போய்விடுவாளோ என்ற பயம் வேண்டாம். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுத் திருச்சியில் 23 வருடமாக நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். மாதத்துக்கு ஒன்றிரண்டு பேராவது இதே கதையோடு வருவார்கள். ஆனால் மினியை நான் நேரில் பார்க்கவில்லை, வாயைத் திறந்து பல்லைப் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன். தடுப்பூசி அட்டையில் இருந்த எடைகளைத் தேதியோடு எழுதியிருப்பது பெரிய உதவி. நிறையப் பேர் ‘குட்டியாத்தான் இருந்துச்சு, திடீர்னு பெருசாயிடுச்சு’ என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

அந்த அட்டையையே எடுத்துக்கொள்வோம். வாங்கிய அன்று 900 கிராம், ஒரு மாதம் கழித்து 2.4 கிலோ, அதற்கடுத்த மாதம் 4.1, இப்போது 7.2. சின்ன இன நாய்கள் வேகமாக வளர்ந்து சீக்கிரமே நின்றுவிடும். பத்து மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் முழு எடைக்கு வந்துவிடும். கிரேட் டேன் மாதிரியான பெரிய இனங்கள்தான் ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று இழுக்கும். சின்ன இனத்துக் குட்டி 8 வாரத்தில் தன் முழு எடையில் ஏறக்குறையக் கால் பங்கு இருக்கும். மூன்றரை மாதத்தில் பாதியைத் தொடும். ஆறு மாதத்தில் ஐந்தில் நாலு பங்கு வந்திருக்கும். இது தோராயக் கணக்குதான், நாய்க்கு நாய் கொஞ்சம் முன்னே பின்னே போகும். இதைவிடத் துல்லியமாக வேண்டுமென்றால் வால்தம் வளர்ச்சி வரைபடங்கள் இருக்கின்றன. அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு எடை குறிப்பார்களே, அதே மாதிரி. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, வளர்ந்த பின் எத்தனை கிலோ இருக்கும் என்பதை வைத்துப் பிரித்திருப்பார்கள். இலவசம்தான், உங்கள் மருத்துவரிடம் கேட்டால் எடுத்துத் தருவார்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 நாளில் 900 கிராம் என்றால் வளர்ந்த பிறகு மூன்றரை, நாலு கிலோ. அந்த வகையில் விற்றவர் சொன்ன 3 கிலோ பெரிய பொய்யாகத் தெரியாது. ஆனால் அடுத்த 30 நாளில் ஒன்றரை கிலோ போட்டிருக்கிறாள். ஒரு நாளைக்கு 50 கிராம். 3 கிலோவில் நிற்க வேண்டிய குட்டி அந்த வயதில் மாதத்துக்கு அரைக் கிலோ கூடினாலே அதிகம். இந்த இரண்டு எடையும் ஒரே நாயின் வளர்ச்சிக் கோட்டில் உட்காராது. எடை தராசில் பார்த்தது, அதில் தப்பில்லை. அப்படியென்றால் இடிப்பது வயதுதான். 60 நாள் என்பதை அடித்துவிட்டு 35 நாள் என்று எழுதிப் பாருங்கள். நாலு எடையும் வரிசையாக, ஒன்பது கிலோவை நோக்கிப் போகிற ஒரே கோட்டில் வந்து உட்காரும். 35 நாள் குட்டி 900 கிராம் இருப்பது ஒன்பது கிலோ ஆகப்போகிற நாய்க்குச் சரியான எடை.

என்னிடம் வருகிறவர்களில் பலர் அளவில் ஏமாந்துவிட்டதாக நினைத்துத்தான் வருவார்கள். வாயைத் திறந்து பார்த்தால் வயதில் ஏமாந்திருப்பார்கள். உங்கள் கேள்வியிலேயே அதற்குத் தடயம் இருக்கிறது. வாங்கி வந்த முதல் வாரம் செரலாக் கரைத்துத்தான் கொடுக்கச் சொன்னார்கள், மெல்லத் தெரியவில்லை என்கிறீர்கள். ‘கண் நீலமா அழகா இருந்துச்சு, இப்ப கறுப்பாயிடுச்சு’ என்கிறீர்கள். முன்பற்களும் ஊசி மாதிரிக் கோரைப்பற்களும் இருந்தன, பக்கவாட்டில் வெறும் ஈறு என்கிறீர்கள். குட்டிகளுக்கு மூன்று வாரத்துக்கு மேல் பால்பற்கள் முளைக்க ஆரம்பித்து, 8 வாரத்தில் 28 பற்களும் வந்துவிடும். 60 நாள் குட்டி உங்கள் விரலைக் கடித்தால் கத்தத் தோன்றும். கண்ணில் அந்த நீலப் பூச்சும் அதற்குள் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். இவளுக்கு இது எதுவுமே 60 நாளோடு பொருந்தவில்லை.

இதில் எனக்கு உறுதி எவ்வளவு? அன்று 8 வாரம் ஆகவில்லை என்பதில் ஏறத்தாழ முழு உறுதி. சரியாக 35 நாளா, 38 நாளா, 40 நாளா என்பது ஊகம். போன வாரம்தான் பால் கோரைப்பல் விழுந்தது என்று எழுதியதை மட்டும் நான் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நிலைக் கோரைப்பல் ஐந்து, ஆறு மாதத்தில் முளைக்கும் என்பது பொது விதி என்றாலும், சின்ன நாய்களில் அது தாமதமாகும். பால் பல் விழாமல் பக்கத்திலேயே நிலைப்பல் முளைத்து இரட்டை வரிசையாக நிற்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். (மினிக்கு அப்படி இருந்தால் சொல்லுங்கள், பிடுங்க வேண்டிவரும்.) ஆக மொத்தம் மினிக்கு இப்போது ஏழு மாதம் இல்லை, ஆறைச் சுற்றித்தான் இருக்கும். ஆறு மாதத்தில் 7.2 என்றால் வளர்ந்த பின் ஒன்பது. நான் ஆரம்பத்தில் சொன்ன எண் இப்படித்தான் வந்தது.

ஏன் வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று கேட்பீர்கள். உள்ளங்கையில் அடங்குகிற குட்டிதான் விலை போகும். ‘60 நாள் ஆயிடுச்சு, இவ்ளோதான் இருக்கு’ என்றால் வாங்குபவர் மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொள்வார், வளர்ந்தாலும் சின்னதாகத்தான் இருக்கும் என்று. தாய்ப்பால் குறைந்து குட்டிகள் தீனிக்கு வருவதற்குள் கைமாற்றிவிட்டால் விற்பவருக்குச் செலவு மிச்சம். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோய் வந்தாலும் அது வாங்கியவர் வீட்டில்தான் வரும். கூட்டிச் சொன்ன வயது அவருடைய மூன்று கிலோ வாக்குறுதிக்கும் முட்டுக்கொடுக்கிறது. எல்லாரும் அப்படி என்று சொல்லமாட்டேன். தாயையும் குட்டிகளையும் தராசில் வைத்துக் காட்டி, எட்டு வாரத்துக்கு முன் கொடுக்கமாட்டேன் என்று பிடிவாதமாக நிற்கிறவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களிடம் பேரம் படியாது என்று மக்கள் திரும்பிவிடுகிறார்கள், அதுதான் கஷ்டம்.

வயது தப்பு என்பது எடையோடு முடிந்துபோகிற விஷயமில்லை. நீங்கள் கேட்காதது ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் அவசரமாகத் தெரிகிறது. அட்டைப்படி பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு வைரஸ் நோய்க்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியின் கடைசித் தவணையை நாலு மாதத்தில் போட்டிருக்கிறீர்கள். உண்மை வயதில் அது 13 வாரத்தைச் சுற்றி. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியை அது முறித்துவிடும். அதனால்தான் கடைசித் தவணை 16 வாரமோ அதற்கு மேலோ ஆன பிறகு இருக்க வேண்டும் என்று உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ரேபீஸ் ஊசியும் அப்படித்தான். மூன்று மாதம் என்று நினைத்துப் போட்டது, உண்மையில் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் இருந்தபோது. அது 12 வாரம் ஆன பிறகு போட வேண்டிய ஊசி. உங்கள் மருத்துவர் மேல் தவறில்லை. அட்டையில் இருந்த பிறந்த தேதியைத்தான் அவர் நம்பியிருப்பார். இந்த வாரமே போய் விஷயத்தைச் சொல்லி, இரண்டு ஊசியும் இன்னொரு தவணை போட்டுக்கொள்ளுங்கள். அதிகமாகப் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், அதனால் கெடுதல் இல்லை. அட்டையில் பிறந்த தேதியையும் திருத்தச் சொல்லுங்கள்.

அப்புறம் இனம். நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் மினி இந்தியன் ஸ்பிட்ஸ். இது ஊகம்தான், ஆனால் பந்தயம் கட்டுகிற அளவுக்கு ஊகம். வெள்ளை நிறம், நீண்ட மூக்கு, பெரிதாக விலகி நிற்கிற காது, உயரமான கால். பாமரேனியனுக்கு மூக்கு குட்டை, காது சின்னதாக நெருக்கமாக இருக்கும், உள்முடி பஞ்சு மாதிரி அடர்த்தியாக மேல்முடியைத் தூக்கிப் பிடிக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: அசல் பாமரேனியனுக்கும் நாலு மாதத்திலிருந்து எட்டு மாதம் வரை குட்டி முடி கொட்டும். அந்தக் காலத்தில் கால் குச்சியாக, முகம் கூராக, வேறு ஏதோ நாய் மாதிரி இருக்கும். ‘குட்டியை மாத்திட்டாங்களோ’ என்று அழுதுகொண்டு வந்தவர்கள் உண்டு. அதனால் முடியை நம்பாதீர்கள், உயரத்தை அளந்து பாருங்கள். மினியைச் சுவரோடு ஒட்டி நாலு காலும் நேராக நிற்க வையுங்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், தோள்பட்டைக்கு மேல், ஒரு ஸ்கேலைப் படுக்க வைத்துச் சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளவு. தலையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பாமரேனியன் 18 முதல் 24 சென்டிமீட்டர்; நாய் இனங்களைப் பதிவு செய்கிற அமெரிக்க கென்னல் கிளப்பின் எடை வரையறை 3 முதல் 7 பவுண்டு, அதாவது 1.4 முதல் 3.2 கிலோ. மினி 30 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் என் ஊகம் சரி என்று வைத்துக்கொள்ளலாம்.

உண்மையில் நம் ஊரில் எண்பது, தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு ‘பாமரேனியன்’ என்று வளர்த்த வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ்தான். ஜிம்மி, பப்பி என்று பெயர் வைத்து, கேட்டுக்குள் நின்று தெருவையே விரட்டிக்கொண்டிருக்குமே, அதே நாய். வெளிநாட்டிலிருந்து நாய் இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. இங்கேயே இருந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் வழி வந்தவை நம் வெயிலுக்குப் பழகிப் பெருகின. சின்ன வகை ஐந்திலிருந்து ஏழு கிலோ, பெரிய வகை பன்னிரண்டுக்கு மேல் போகும். இரண்டும் கலந்தது மினி மாதிரி நடுவில் நிற்கும். பாமரேனியனே அந்த ஸ்பிட்ஸ் குடும்பத்தின் கடைக்குட்டிதான். ஜெர்மன் ஸ்பிட்ஸ் என்ற ஒரே தலைப்பின் கீழ் ஐந்து அளவு இருக்கிறது, அதில் ஆகச் சின்னது பாமரேனியன். அதுவும் ஒரு காலத்தில் பெரிய நாயாகத்தான் இருந்தது. 1888-ல் விக்டோரியா மகாராணி இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்திலிருந்து மார்கோ என்ற பாமைக் கொண்டுவந்தபோது இவ்வளவு சின்னதா என்று ஆச்சரியப்பட்டார்கள். அதன் எடை 12 பவுண்டு, ஏறக்குறைய ஐந்தரை கிலோ. இன்றைய வரையறைப்படி மார்கோவுக்கே மார்க் கிடைக்காது.

‘அப்பா அம்மா ரெண்டையும் காட்டினாங்க, ரெண்டுமே சின்னதுதான்’ என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். நாயின் அளவை ஒரே ஒரு மரபணு தீர்மானிப்பதில்லை. 2007-ல் ஐஜிஎஃப்1 என்ற மரபணுவின் ஒரு வடிவம் சின்ன இனங்கள் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அது முக்கியமானது. ஆனால் அது தவிர இன்னும் பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் குறைத்தும் அளவை முடிவு செய்கின்றன. அதனால் இரண்டரை கிலோ தாய்க்கும் தகப்பனுக்கும் நாலு, நாலரை கிலோ குட்டி பிறப்பது நடக்கும். ஒரே ஈத்தில் ஒன்று சின்னதாகவும் ஒன்று பெரிதாகவும் வரும். இதை எந்த நேர்மையான பிரீடரும் தடுக்க முடியாது. அவர்மேல் கோபப்படவும் முடியாது. ஆனால் இரண்டரை கிலோ ஜோடிக்கு ஒன்பது கிலோ குட்டி? நான் பார்த்ததில்லை. காட்டிய ஆண் நாய் தகப்பனாக இல்லாமல் இருக்கலாம். வருகிறவர்களுக்குக் காட்டவென்றே ஓர் அழகான சின்ன ஆண் நாயை வைத்திருப்பவர்கள் உண்டு. இல்லை, தாய் நாய் ஹீட்டில், அதாவது இணைசேரும் பருவத்தில், இருந்தபோது வேறு நாயும் சேர்ந்திருக்கலாம். ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன் குட்டிகள் பிறப்பது நாய்களில் சாதாரணம். மரபணுப் பரிசோதனை செய்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். இப்போது கருவி கிடைக்கிறது, ஆனால் அவர்கள் பட்டியலில் இல்லாத இனத்தைப் பக்கத்து இனமாகக் காட்டிவிடும். அந்தப் பணத்தில் மினிக்குக் கருத்தடையே செய்துவிடலாம்.

‘டீகப்’, ‘டாய்’, ‘மினி’, ‘கல்ச்சர் பாம்’ இதெல்லாம் சந்தைப் பெயர்கள். எந்த கென்னல் கிளப்பும் டீகப் என்று ஓர் இனத்தை ஏற்பதில்லை. கேசிஐ (இந்திய கென்னல் கிளப்) சர்ட்டிபிகேட் இருந்திருந்தால் தாய், தகப்பன், தாத்தா, பாட்டி வரை பதிவு தெரிந்திருக்கும், ஆனால் அதிலும் ‘இத்தனை கிலோவுக்குள் நிற்கும்’ என்று உத்தரவாதம் கிடையாது. உங்களிடம் பேப்பர் இல்லாத குட்டி என்பதால் அந்தப் பேச்சே இல்லை.

இனி சாப்பாடு. விற்றவருக்கு போன் செய்தபோது ‘ஒரு வேளை மட்டும் தயிர்சாதம் போடுங்க, நின்னுடும்’ என்றாராம். தயவுசெய்து செய்யாதீர்கள். மினியின் எலும்பு வளர்ச்சி பெரும்பகுதி முடிந்துவிட்டது. இப்போது பட்டினி போட்டால் உயரம் குறையாது, சதையும் முடியும்தான் போகும். சின்ன வயதில் கடுமையாகப் பட்டினி போட்டால் வளர்ச்சி குன்றும் என்பது உண்மைதான், ஆனால் அப்படி வருவது சின்ன நாய் இல்லை, நோயாளி நாய். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு தம்பதி நாலு மாதக் குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டி இருந்தது. வாய் கோணி, கால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. ஈறு வெளுத்து, தொட்டால் ஜில்லென்று இருந்தது. காது ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தால் 31. ஈறில் குளுக்கோஸைத் தடவிக்கொண்டே ஊசி வழியாக டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினோம். இருபது நிமிடத்தில் தலையைத் தூக்கி என் கையை நக்கியது. அந்த அம்மா விசும்பிக்கொண்டே சொன்னார்: ‘காலையில ரெண்டு ஸ்பூன், சாயந்திரம் ரெண்டு ஸ்பூன், அதுக்கு மேல குடுத்தா பெருசாயிடும்னு சொன்னாங்க டாக்டர்.’ அவ்வளவு சின்னக் குட்டிகளுக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை கொடுக்க வேண்டும். ஒரு வேளை தவறினாலே சர்க்கரை இறங்கிவிடும்.

மினிக்கு இந்த வயதில் இரண்டு வேளை போதும், மூன்று வேளையாகப் பிரித்தாலும் சரி. எவ்வளவு என்பதற்குத் தராசைவிட உங்கள் கையே நல்ல அளவுகோல். ஒரு கையை மேசைமேல் கவிழ்த்து வைத்துப் புறங்கை எலும்புகளை மறுகை விரலால் தடவிப் பாருங்கள். மினியின் விலா அப்படித் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. முஷ்டியை மடக்கி மொளி எலும்பைத் தடவுவது போல் இருந்தால் மெலிவு. உள்ளங்கை மேட்டைத் தடவுவது போல் விலாவே தெரியாவிட்டால் கொழுப்பு. எலும்பால் வந்த எடையைக் குறைக்க முடியாது. கொழுப்பால் வந்ததைக் குறைக்கலாம். வீட்டில் பையன் பிஸ்கட் கொடுக்கிறானா என்று ஒருமுறை விசாரியுங்கள். வெறும் பால்சாதமும் தயிர்சாதமும் வளரும் நாய்க்குப் போதாது. முட்டை, வேகவைத்த கோழி, இல்லாவிட்டால் குட்டிகளுக்கான தீனி வேண்டும். கால்சியம் டானிக்கை நீங்களாக ஊற்றாதீர்கள்.

ஏமாற்றினாரா? இனத்தை மாற்றிச் சொன்னது அவருக்கே தெரியாமல் நடந்திருக்கலாம். எல்லா ஸ்பிட்ஸையும் பாம் என்று மனசார நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வயதைக் கூட்டியது தெரியாமல் நடக்காது. நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த 2017 மத்திய அரசு விதிகள்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். புகார் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சத்துக்கு உட்பட்ட விலைக்குக் கட்டணம் இல்லை. வாட்ஸ்அப்பில் ‘60 டேஸ், மேக்ஸ் 3 கேஜி’ என்று அவர் அனுப்பியதும் பணம் அனுப்பிய ரசீதும் இருந்தால் அழிக்காமல் வையுங்கள். வெறும் வாய்ப்பேச்சு என்றால் நிற்பது கடினம். நான் வக்கீல் இல்லை, இந்தப் பகுதியில் என் பேச்சைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

‘வேணும்னா கொண்டாங்க, வேற குட்டி மாத்தித் தர்றேன்’ என்றாராமே. அதைப் பற்றி என் கருத்து கேட்டால், வேண்டாம். திரும்பிப் போகிற ஆறு மாதப் பெண் நாய்க்கு அங்கே ஒரே ஒரு வேலைதான் இருக்கும்: கூண்டில் இருந்துகொண்டு, ஒவ்வொரு ஹீட்டுக்கும் குட்டி போடுவது. அந்தக் குட்டிகளும் டாய் பாம் என்றே விற்கும். மினியும் இன்னும் ஓரிரு மாதத்தில் முதல் ஹீட்டுக்கு வந்துவிடுவாள், தெருவில் அவிழ்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கருத்தடையை எப்போது செய்வது என்று ஊசி போடப் போகும்போதே பேசிவிடுங்கள். ஒன்பது கிலோவில் நிற்பது அவளுக்கு ஒருவகையில் லாபம்கூட. இரண்டு கிலோ நாய்களுக்கு வருகிற முட்டிச்சில்லு விலகல், உச்சிக்குழி மூடாமை, சோபாவிலிருந்து குதித்தாலே கை எலும்பு முறிவது, இதெல்லாம் இவளுக்கு வரும் வாய்ப்பு குறைவு.

வீட்டுக்காரர் விஷயம். குடியிருப்போர் சங்கம் நாயின் அளவைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதலில் இருக்கிறது, ஆனால் உங்கள் வீட்டுக்காரர் சங்கம் இல்லை. அவரோடு நீங்கள் பேசிக்கொண்ட ஒப்பந்தம் வேறு. அவரிடம் மூடி மறைக்காமல், இவள் இன்னும் ஒன்றரை, இரண்டு கிலோதான் கூடுவாள், அதோடு நின்றுவிடுவாள் என்று சொல்லுங்கள். அவர் நம்பவில்லை என்றால் முன்கையை ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். மணிக்கட்டுப் பக்கம் வளர்ச்சிக் கோடு மூடிவருவது அதில் தெரியும், மருத்துவர் எழுதியும் கொடுப்பார். ஸ்பிட்ஸில் வீட்டுக்காரர்கள் புகார் சொல்வது பெரும்பாலும் உயரத்தை வைத்து இல்லை, குரைப்பை வைத்துத்தான். காலிங் பெல் அடித்தால் மினி என்ன செய்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. உயரத்தை அளந்ததும் அதையும் சேர்த்து எழுதுங்கள், வாயைத் திறந்து பக்கவாட்டில் எடுத்த ஒரு படமும் போடுங்கள்.